விதைப்பவரின் கேள்வி

ஆஸ்திரேலியாவில் ஒரு கோதுமை விவசாயி தம்முடைய தானியத்தை விற்றுவிட்டுக் கணக்குச் சீட்டை வாங்கிப் பார்க்கும்போது, எடை, ஈரப்பதம், புரதத்தின் அளவு, டன்னுக்கு என்ன விலை என்ற விவரங்களுக்குக் கீழே ஒரு சிறு பிடித்தத்தையும் அதில் காண்பார். விற்ற தானியத்தின் மதிப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு, தானிய ஆராய்ச்சிக்கென்று, பணம் அவர் கைக்கு வருமுன்பே கழிக்கப்பட்டிருக்கும். கோதுமைக்கு மட்டுமன்றிப் பார்லி, ஓட்ஸ், சோளம், கனோலா, கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, பாசிப்பயறு, துவரை என்று 25 பயிர்களுக்கு இந்தத் தீர்வை உண்டு. தென்னாட்டு வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவென்று மகமை எடுத்து வைத்துக் கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டினார்களே, ஏறக்குறைய அதே நோக்கந்தான் இதற்கும். ஆனால் இது சட்டத்தின் பலத்தோடு வசூலிக்கப்படுவது, ஒருவரும் விலகிக்கொள்ள முடியாதது. ஆகவே, இவ்விதம் சேரும் பெருந்தொகை எந்த ஆராய்ச்சிக்குச் செல்ல வேண்டும், எதற்குச் செல்ல வேண்டாம் என்று நிர்ணயிக்கும் இடத்தில் அந்த விவசாயியின் குரலுக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி, அந்நாட்டு உழவர்களுக்கு மட்டுமன்றி, விவசாய ஆராய்ச்சியின் பிரயோஜனத்தைப் பற்றிக் கவலைப்படும் எவருக்கும் முக்கியமானதாகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட பூர்வ சரித்திரம் உண்டு. கோதுமைக்குச் சிறியதொரு வரி விதித்து, அரசாங்கமும் தன் பங்கைப் போட்டு, மாகாணந்தோறும் ஆராய்ச்சிக் குழுக்களை அமைக்கும் முறை 1957ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே உண்டாயிற்று. பிறகு பார்லிக்கும் எண்ணெய் வித்துக்களுக்கும் பயறு வகைகளுக்கும் தனித்தனியே ஏற்பட்ட அமைப்புக்கள் எல்லாம் ஒன்றாக இணைந்து, 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1990இல் தானிய ஆராய்ச்சி அபிவிருத்திக் கழகம் தோன்றிற்று. உழவர் தரும் தீர்வையோடு, தானிய உற்பத்தியின் மொத்த மதிப்பில் 0.5 சதவீதம் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, மத்திய அரசாங்கமும் தன் நிதியிலிருந்து ஈடு கொடுக்கிறது. கழகத்தின் தலைமையகம் கான்பெராவில் இருந்தாலும், அதன் உயிர்நாடி மூன்று பிரதேசக் குழுக்களிலேயே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

வடக்குப் பிரதேசத்தில் குவீன்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் அடங்கும். தெற்கில் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா ஆகியவை அடங்கும். மேற்கு ஆஸ்திரேலியா தன்னந்தனியே மூன்றாவது பிரதேசம். இந்தப் பாகுபாட்டை நிர்வாக வசதிக்காக வரைந்த எல்லைக்கோடு என்று எண்ணிவிடலாகாது. குவீன்ஸ்லாந்தின் கரிசல் மண் கோடை மழையை மாதக்கணக்கில் தன்னுள் தேக்கி வைத்துக்கொண்டு, அந்த ஈரத்தாலேயே அடுத்த பயிரை வளர்த்துவிடக் கூடியது. மேற்கு ஆஸ்திரேலியாவின் மணற்பாங்கான நிலத்திலோ, மணற்பருக்கைகளின் மேல் மெழுகுபோல் ஒரு பூச்சு படிந்திருப்பதால், பெய்யும் மழையே மண்ணுக்குள் இறங்க மறுத்து மேலேயே உருண்டோடிவிடும். முதலாவது நிலத்துக்காரர் ஈரத்தைக் காப்பதைப் பற்றிக் கேட்பார். இரண்டாமவர் ஈரத்தை உள்ளே புகவைப்பதைப் பற்றிக் கேட்பார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரி, எவ்வளவு நல்லெண்ணம் உடையவராயினும், இவ்விரு கேள்விகளையும் ஒரே தாளில் ஒரே முக்கியத்துவத்தோடு எழுத அறியார்.

ஒவ்வொரு பிரதேசக் குழுவிலும் விவசாயிகளும், அவர்களுக்கு ஆலோசனை சொல்வோரும், வேளாண் வணிகத் துறையினரும், விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். அவர்கள் ஓர் அறைக்குள் கூடிப் பேசுவதோடு நின்றுவிடாமல், பயிர் கதிர் வாங்கி நிற்கும் பருவத்தில் பிரதேசத்துக்குள் சுற்றுப்பயணம் செய்து, வயல்வரப்பில் நின்றபடியே உழவர்கள் சொல்வதைக் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கும் கீழே, இன்னும் குறுகிய எல்லைகளில், உழவர் கூட்டங்கள் நடைபெறுகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவில் இவை ஒரு காலத்தில் ஜெரால்டன், குவினானா, ஆல்பனி, எஸ்பரன்ஸ் என்று தானியம் போய்ச் சேரும் துறைமுகங்களின் பெயரால் பிரிக்கப்பட்டிருந்தன. தெற்கில் மழை குறைந்த பகுதி, நடுத்தரப் பகுதி, மிகுந்த பகுதி, பாசனப் பகுதி என்று மழையின் அளவால் பிரிக்கப்பட்டிருந்தன. மண்ணையும் மழையையும் துறைமுகத்தையும் எல்லையாகக் கொண்டு குழு அமைப்பது, வரைபடத்தின் மாவட்டக் கோடுகளை எல்லையாகக் கொள்வதைவிட எவ்வளவோ அறிவார்ந்த காரியம். ஒரே விதமான கஷ்டத்தை உடையவர்கள் ஒரே மேஜையைச் சுற்றி அமரும்போது, அவர்கள் பேச்சு புலம்பலாகச் சிதறிவிடாமல் ஆராயத்தக்க வினாவாகத் திரண்டு வருகிறது.

அப்படித் திரண்டு வந்த ஒரு வினாவைச் சற்றே அருகில் சென்று பார்ப்போம். கிழக்கு ஆஸ்திரேலியாவின் தானிய நிலங்களைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எலிப்பெருக்கம் சூறையாடுவதுண்டு. உழவர்கள் அதற்குப் பயன்படுத்துவது துத்தநாக பாஸ்பைடு பூசிய கோதுமை மணிகள். ஹெக்டேருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று மணிகள் விழும்படியாக, அவற்றைத் தூவுவார்கள். நச்சு தூவியும் எலிகள் சாகவில்லை, சில இடங்களில் பலிக்கிறது, சில இடங்களில் பலிக்கவில்லை என்று உழவர்கள் முறையிட்டு வந்தார்கள். அனுமதி பெற்று நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருந்த ஒரு மருந்தைக் குறித்து இப்படி ஒருவர் முறையிட்டால், அவர் அதைச் சரியாகத் தூவவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. இங்கே அவ்விதம் நேரவில்லை. கழகத்தின் நிதியுதவியோடு, காமன்வெல்த் விஞ்ஞான ஆராய்ச்சி நிலையத்தார் அந்த முறையீட்டையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு கிலோ தானியத்துக்கு 25 கிராம் நச்சு என்ற பழைய அளவில் ஒரு மணியில் சேர்வது ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். வயலெலியைக் கொல்ல அது எப்பொழுதும் போதுவதில்லை என்பதும், ஒரு மணியைத் தின்று நோயுற்றுப் பிழைத்துக்கொண்ட எலி அடுத்த மணியைத் தொடுவதில்லை என்பதும் அப்போது வெளிப்பட்டன. 2021இல் நியூ சவுத் வேல்ஸில் எலிகள் வைக்கோற்போரையும் களஞ்சியத்தையும் வீட்டையும் நிரப்பிக் கொண்டிருந்தபோது, கிலோவுக்கு 50 கிராம் என்ற இரட்டிப்பு அளவுக்கு அவசர அனுமதி வழங்க முடிந்ததென்றால், அதற்கு வேண்டிய ஆதாரத்தை முன்கூட்டியே தேடி வைத்திருந்ததுதான் காரணம். மருந்து பலிக்கவில்லை என்று முதலில் கண்டவர் வயலில் நின்றவர். ஏன் பலிக்கவில்லை என்று கண்டவர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர். இருவருக்கும் இடையே பேச்சு நடப்பதற்கு ஒரு வழி இருந்தது என்பதே இந்த நிகழ்ச்சியின் சாரம்.

களை விஷயத்தில் உழவர் இன்னும் ஒரு படி முன்னே சென்றிருக்கிறார். ஆட்டுக்குத் தீவனமாகும் என்று ஆஸ்திரேலியர்கள் தாங்களே விதைத்துப் பரப்பிய ரைகிராஸ் என்னும் புல், பின்னாளில் கோதுமை வயல்களின் தலையாய களையாக மாறிற்று. களைக்கொல்லிக்கு அது அடங்க மறுப்பதை 1982இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் விஞ்ஞானிகள் முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். அதன்பின் ஒவ்வொரு மருந்தாக அது வென்று வந்தது. இந்தப் புல்லின் விதைகளில் பெரும்பகுதி, கோதுமை முற்றும் வரையில் கதிரிலேயே ஒட்டிக்கொண்டு நின்று, அறுவடை யந்திரத்துக்குள் போய், பதரோடு பதராக வெளியே ஊதப்பட்டு, வயல் முழுவதும் சீராக விதைக்கப்படுகிறது. அடுத்த ஆண்டுக் களையை உழவர் தம் சொந்த யந்திரத்தாலேயே விதைத்துவிடுகிறார். மேற்கு ஆஸ்திரேலியாவில் டார்கன் என்னும் ஊரைச் சேர்ந்த ரே ஹாரிங்டன் என்ற விவசாயி, சுரங்கத் தொழிலில் பாறையை நொறுக்கும் ஆலையின் தத்துவத்தைக் கொண்டு, அந்தப் பதரை யந்திரத்திலிருந்து வெளியேறும் தறுவாயிலேயே பிடித்து நொறுக்கிவிட்டால் களைவிதையும் நொறுங்கிவிடும் என்று சிந்தித்து, தம் பண்ணையிலேயே அதற்கொரு யந்திரத்தை உருவாக்கினார். கழகம் பணம் தந்தது. தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தார் பொறியியல் நுட்பத்தைச் செம்மைப்படுத்தினார்கள். 2012இல் அந்த யந்திரம் விற்பனைக்கு வந்தது. பதரில் அகப்படும் ரைகிராஸ் விதையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை அது அழித்துவிடுகிறது என்று சோதனைகள் காட்டின. மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சித் திட்டத்தில் இத்தகைய யந்திரத்துக்கு இடம் கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. விற்பதற்கு ஒரு புதிய மருந்து இல்லாத பரிகாரத்தைத் தேட, மருந்துக்குப் பணம் கொடுத்துக் கொடுத்து அலுத்தவருடைய தீர்வைப் பணமே தேவைப்பட்டது.

இவ்வளவு சொன்னபிறகு, மறுபக்கத்து நியாயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உழவருடைய கண்ணுக்குத் தெரியும் துன்பம் இந்த ஆண்டுத் துன்பம்; ஆராய்ச்சியின் காலக்கணக்கோ வேறு. பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமைகளுக்கு நோரின் 10 என்னும் ஜப்பானிய ரகத்தின் வழியாக வந்த மரபணுக்கள், தாளைக் குட்டையாக்கியதோடு நில்லாமல், முளைக்குருத்தைப் பொதிந்து மண்ணுக்கு மேலே கொண்டுவருகிற உறையையும் குட்டையாக்கிவிட்டன. மேல்மண் காய்ந்து, ஈரம் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிட்ட ஆண்டில், அந்த ஈரத்தைத் தேடி ஆழமாக விதைத்தால் முளை மேலே வந்து சேராமல் மண்ணுக்குள்ளேயே சுருண்டு மடிந்துவிடும். மழை தவறித் தவறிப் பெய்யும் மானாவாரி நிலத்தில் இது எத்தகைய நஷ்டம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தாள் குட்டையாகவே இருந்து உறை மட்டும் நீளும்படியான வேறு மரபணுக்களைத் தேடிப் பிடித்து, கோதுமையில் சேர்த்து, பலநாள் வயலில் சோதித்துப் பார்க்கும் வேலையைக் கிரெக் ரெபெட்ஸ்கே என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்து வந்திருக்கிறார்கள். குழு உறுப்பினர் ஒருவரின் பதவிக்காலம் சில ஆண்டுகளே. அவருடைய காலத்தில் இதுபோன்ற முயற்சி ஒன்று எந்தப் பலனையும் காட்டாமலே போகலாம். அவ்விதமான வேலைக்கு ஆண்டுதோறும் தவறாமல் கையை உயர்த்துவதற்குத் தனிப்பட்ட மனோதிடம் வேண்டும்.

எவரும் கேட்காத கேள்விகளும் உண்டு. ரைகிராஸ் மருந்துக்கு அடங்கிக்கொண்டிருந்த நாட்களில், அது அடங்காமற்போகும் காலத்தைப் பற்றி ஆராயுங்கள் என்று எந்த உழவர் கூட்டம் கேட்டிருக்கும்? வில்லியம் ஃபாரர் என்ற நில அளவையாளர், 1886 முதல் தம் சொந்த நிலத்திலே கோதுமைப் பரிசோதனைகளில் ஈடுபட்டபோது, எந்தக் குழுவும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை; எடாவா என்ற நம் வடநாட்டுக் கோதுமையின் விரைவில் முற்றும் குணத்தையும் கலந்து, 1901இல் அவர் உருவாக்கிய ஃபெடரேஷன் கோதுமை அந்த நாட்டின் வறண்ட பகுதிகளைக் கோதுமை நிலமாக்கிற்று. ஆகையால், ஆராய்ச்சிப் பணத்தின் ஒவ்வொரு காசும் உழவர் கேட்டதற்கே செலவாக வேண்டும் என்று வாதிடுவோர் உழவருக்கே தீங்கு செய்கிறார்கள். விஞ்ஞானியின் ஆர்வத்துக்கு உரிய பங்கை ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதை உழவர் நிர்ணயிக்க வேண்டும் என்பதும் எனக்கு உடன்பாடன்று. ஹாரிங்டனின் யந்திரத்திலும் எலிமருந்திலும் இருவருடைய பங்கையும் பிரித்துக் காட்ட முடியாது. ஒரே மேஜையில் இருவரும் அமர்வதே சரியான முறை.

பிரதேசக் குழுவினர் தேர்தலால் வருபவர்கள் அல்லர். விண்ணப்பித்து, தகுதி பார்க்கப்பட்டு, நியமனம் பெறுபவர்கள். அவர்கள் சொல்வது ஆலோசனை; முடிவு கழகத்தின் நிர்வாக சபையுடையது. நியமனத்தில் நன்மை உண்டு, கட்சி கட்டும் தொல்லை இல்லை. ஆயினும், விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவே பல நாட்களைக் கூட்டங்களுக்கும் சுற்றுப்பயணத்துக்கும் கொடுக்கக் கூடியவர் யார் என்று எண்ணிப் பார்த்தால், பண்ணையைப் பார்த்துக்கொள்ள ஆள் உடையவர், பேசத் தெரிந்தவர், புதுமையை முதலில் கைக்கொள்பவர் ஆகியோரே முன்வருவர் என்பது தெரியும். தாமும் தம் மனைவியுமாகவே ஆயிரக்கணக்கான ஹெக்டேரை உழுது, கடனும் வறட்சியும் நெருக்க, எந்தக் கூட்டத்துக்கும் வராமல் இருக்கிற ஒருவரும் அதே விகிதத்தில் தீர்வை கொடுக்கிறார். வீட்டுக் கணக்கையும் தானிய விற்பனையையும் பெரும்பாலும் தம் கையிலேயே வைத்திருக்கும் அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கும் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கும். இவர்களைத் தேடிப்போகும் கடமை குழுவுக்கு உண்டு.

விதை ஆராய்ச்சியில் உழவரின் பிடி முன்போல் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 1994ஆம் ஆண்டின் பயிர் ரக உரிமைச் சட்டத்துக்குப் பிறகு, கோதுமை ரகங்களை உருவாக்கும் தொழில் அரசாங்கத் துறைகளிடமிருந்து கம்பெனிகளின் கைக்கு மாறிற்று; விளைந்த தானியத்தின் ஒவ்வொரு டன்னுக்கும் உழவர் அந்தக் கம்பெனிக்கு உரிமைத்தொகை செலுத்துகிறார். எந்த ரகம் பிறக்க வேண்டும் என்பதைக் கம்பெனி முடிவு செய்யும்போது, பிறந்த ரகம் எந்த மண்ணில் எப்படி விளைகிறது என்று ஒருவருக்கும் கட்டுப்படாமல் சொல்லுவதற்கு ஓர் இடம் அத்தியாவசியமாகிறது. 2005 முதல் கழகம் நடத்திவரும் தேசிய ரகச் சோதனைகள் அந்த வேலையைச் செய்கின்றன. ஆண்டுதோறும் நாடெங்கும் நூற்றுக்கணக்கான வயல்களில் ரகங்களை அடுத்தடுத்து விதைத்து, முடிவுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். இந்தச் சோதனை ஒருநாளும் கம்பெனிகளின் தயவில் நடக்கும் நிலைக்கு வந்துவிடக் கூடாது.

அரசாங்கத்தின் பங்கைக் குறைக்க வேண்டும் என்ற யோசனையும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. 2011இல் வெளிவந்த உற்பத்தித்திறன் ஆணையத்தின் அறிக்கை, அந்த 0.5 சதவீதத்தைப் பத்தாண்டுகளில் பாதியாக்கலாம் என்று சிபாரிசு செய்தது; அரசாங்கம் அதை ஏற்கவில்லை. ஏற்காதது சரியே. பயன் உழவருக்குத்தானே, அவரே செலவழிக்கட்டும் என்ற வாதத்தில் ஒரு பகுதி உண்மை இருக்கலாம். ஆனால் முன்னே சொன்ன நீண்டகால ஆராய்ச்சிக்கு ஒரு தலைமுறை உழவர் மட்டும் பணம் போட்டு, அடுத்த தலைமுறையும் ரொட்டி தின்னும் நகரத்தாரும் அதன் பயனை அனுபவிப்பது நியாயமன்று. அந்தக் குழு அறையில் பொதுப்பணமும் இருப்பதனால்தான், அவசரமற்ற கேள்விகளுக்கு அங்கே இடம் கிடைக்கிறது.

இந்த அறைகளில் நடப்பது நம் அடுக்களைக்குத் தொடர்பில்லாத விஷயமும் அன்று. ஆஸ்திரேலியக் கொண்டைக்கடலையின் பெரிய சந்தை இந்தியத் துணைக்கண்டமே. 1998இல் அஸ்கோகைட்டா என்னும் கருகல் நோய் தென் ஆஸ்திரேலியாவின் கடலைப் பயிரை நிர்மூலமாக்கியபோது, சிரியாவில் அலெப்போ நகரின் அருகே இயங்கிவந்த இக்கார்டா ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த வித்துக்களைக் கொண்டும், உள்நாட்டு ஒட்டுச் சேர்க்கையாலும், நோய் தாங்கும் ரகங்களை ஆண்டுக்கணக்கில் உழைத்து மீட்டுக் கொடுத்தார்கள். பிறகு 2017 டிசம்பரில் இந்தியா கொண்டைக்கடலைக்கும் மைசூர்ப் பருப்புக்கும் 30 சதவீத இறக்குமதி வரி விதித்து, சில மாதங்களில் கொண்டைக்கடலைக்கு அதை 60 ஆக உயர்த்திற்று. விலை சரிந்தது, விதைத்த பரப்பும் சுருங்கிற்று. விதைப்பு குறைந்தால் தீர்வையும் குறையும். அத்தகைய ஆண்டில், இந்தப் பயிருக்கு இனி ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பது இயற்கை. கேட்டவர் சொல்லுக்கு இணங்கி நோய் எதிர்ப்பு வேலையை நிறுத்திவிட்டால், 2024 மே மாதத்தில் கொண்டைக்கடலை வரி நீக்கப்பட்டு, உழவர்கள் மீண்டும் பெரும் பரப்பில் விதைக்கப் புறப்பட்டபோது, அவர்கள் கையில் என்ன விதை இருந்திருக்கும்? சந்தையின் ஏற்றத்தாழ்வுக்குத் தக்கபடி பண்ணையை நடத்தலாம். ஆராய்ச்சியை அப்படி நடத்த இயலாது. பல பருவங்களைக் கண்ட விவசாயிகள் குழுவில் இருப்பது இந்த இடத்தில்தான் கைகொடுக்கும், ஏனெனில் விலை திரும்பும் என்பதை அவர்கள் சொந்த அநுபவத்தால் அறிந்தவர்கள்.

ஆகவே நான் வேண்டுவது இரண்டு காரியங்கள். முதலாவது, பிரதேசக் குழுக்களின் ஆலோசனைக்கு உட்பட்ட பணத்தில் ஒரு பங்கை, பத்து ஆண்டுகளுக்குக் குறையாத வேலைகளுக்கென்று தனியே கட்டி வைத்து, உறுப்பினர் மாறினாலும் அது கலையாதபடி பாதுகாக்க வேண்டும். இரண்டாவது இன்னும் அவசரமானது. ஒரு கூட்டத்தில் உழவர்கள் இருபது கேள்விகளை வைத்தால், நிதி கிடைப்பது இரண்டு மூன்றுக்கே இருக்கும். மீதியுள்ளவற்றுக்கு என்ன ஆயிற்று என்பதை, இது ஏற்கெனவே ஆராயப்பட்டது, விடை இங்கே இருக்கிறது, அல்லது இது வேறு பிரதேசத்தில் நடந்துகொண்டிருக்கிறது, அல்லது இப்போதுள்ள விஞ்ஞானத்தால் இதற்கு விடை காண முடியாது என்று, கேட்டவர் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் தெரிவிப்பதைக் குழுவின் கட்டாயக் கடமையாக்க வேண்டும். பதில் கிடைக்காதவர் அடுத்த கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார். அவர் நின்றுவிட்டால், எலி சாகவில்லை என்று வந்து சொல்வதற்கும் ஆள் இருக்கமாட்டார். தெற்கிலும் மேற்கிலும் ஏப்ரல் கடைசியில் விதைப்பு தொடங்கிவிடும். யந்திரத்தில் ஏறி அமர்ந்தபிறகு எவருக்கும் எதையும் படிக்க அவகாசம் இராது. அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு இடையே கிடைக்கும் அந்தச் சில மாதங்களுக்குள் அந்தப் பதில் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.